வீங்கிய கணுவும் வாசிக்கப்படாத ஏடுகளும்: அரபுக் குதிரை மருத்துவ நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியல் பங்களிப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஏறக்குறைய ஒரே வடிவம் அமைந்துவிட்டது. இப்னு ஸீனாவில் தொடங்கி, அஸ்ஸஹ்ராவியின் அறுவைக் கருவிகளைத் தொட்டு, இப்னுன் நஃபீஸின் குருதியோட்டக் கருத்தில் சற்றே நின்று, ஐரோப்பா நமக்குக் கடன்பட்டது என்ற தீர்ப்போடு அவை முடிகின்றன. கால்நடை மருத்துவமாகிய 'பைத்தரா' இந்த வரிசையில் இடம்பெறும்போது அதற்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைக்கிறது: இத்துறையிலும் முஸ்லிம்கள் பல நூல்களை எழுதினார்கள் என்பதே அது. அந்நூல்கள் என்ன சொல்கின்றன, சொன்னவற்றுள் எவை இன்றும் நிற்கின்றன, எவை விழுந்துவிட்டன என்ற வினாக்கள் எழுவதில்லை. மறுபுறம், 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஷெலா கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியதிலிருந்துதான் இவ்வறிவு பிறந்தது போல எழுதும் வரலாறுகளும் உள்ளன. முன்னது பெருமையால் வாசிக்க மறுக்கிறது. பின்னது அலட்சியத்தால் வாசிக்க மறுக்கிறது. விளைவு ஒன்றே: ஏடுகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன.

ஒரு மருத்துவ இலக்கியத்தை மதிப்பிட அதன் நூற்பட்டியல் போதாது. ஏதேனும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதன் முன்னே அந்த இலக்கியம் எப்படி நின்றது என்று பார்க்க வேண்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஓர் எளிய நேர்வு: அடிபட்டபின் வீங்கிய குதிரையின் பின்னங்கால் கணு. போர்க்களத்திலும் கப்பலிலும் லாயத்திலும் அன்றாடம் நேர்ந்த காயம் இது. கண்ணுக்குத் தெரிவது, கைக்கு எட்டுவது. ஆனால் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை எளிதில் வெளிக்காட்டாதது. எனவே இதுவே தக்க உரைகல்.

ஒரு வீக்கம், பல நோய்கள்

குதிரையின் பின்னங்கால் நடுவே பின்னோக்கிக் கோணலாக வளைந்து நிற்கும் மூட்டையே நாம் கணு என்கிறோம். அரபியில் அதற்கு 'உர்கூப்' என்று பெயர். பார்வைக்கு முழங்காலைப் போலத் தோன்றினாலும் அது மனிதனின் கணுக்காலுக்கு ஒப்பானது. அதன் பின்முனையில் துருத்தி நிற்கும் எலும்பு நம் குதிகால் எலும்பே. உண்மையில் அது ஒரு மூட்டன்று; ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு மூட்டுகளின் தொகுதி. மேல் மூட்டே பெரும்பகுதி அசைவைச் செய்கிறது. கீழ் மூட்டுகள் மிகக் குறைவாகவே அசைகின்றன.

இன்றைய மருத்துவம் இந்த இடத்து வீக்கத்தை ஒரே நோயாகக் கொள்வதில்லை. மேல் மூட்டில் நீர் கோத்தால் முன்புறத்தில் மெத்தென்ற வீக்கம் எழும். தசைநாண் உறையில் நீர் கோத்தால் கணுவுக்குச் சற்று மேலே இருபுறமும் புடைக்கும். ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் எழும்பும். குதிரை சுவரை உதைத்தால் பின்முனையில் குல்லாய் வைத்தாற்போல் ஒரு வீக்கம் தோன்றும். அது பார்க்க அழகற்றதேயன்றிப் பெரும்பாலும் நொண்டலைத் தருவதில்லை. முனைக்குக் கீழே பின்புறத்தில் எழும் வீக்கம் தசைநார்க் காயத்தைக் குறிக்கலாம். கீழ் மூட்டுகளின் உட்புறத்தில் கல்லெனக் கெட்டியாக எழுவது எலும்புத் தேய்வின் அடையாளம். இவற்றுள் எது என்று அறியாமல் மருந்திடுவது இருட்டில் எய்த அம்பு.

சிகிச்சையும் அதற்கேற்ப வேறுபடுகிறது. தோல் கிழியாத அடியாக இருந்தால் முதல் இரண்டு நாள்கள் ஓய்வும் குளிர்ச்சியுமே முதன்மை. நாளொன்றுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் வரை குளிர்நீரைப் பாய்ச்சவோ பனிக்கட்டி ஒத்தடம் தரவோ வேண்டும். அந்த நாள்களில் சூட்டு ஒத்தடமும் அழுத்தித் தேய்த்தலும் கேடு விளைவிக்கும். கட்டுப் போடுவதானால் பின்முனை எலும்பின்மேலும் அதற்கு மேலுள்ள பெருந்தசைநாண்மேலும் அழுத்தம் விழாதபடி பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும்; இல்லையேல் கட்டே புண்ணாகிவிடும். வலியும் அழற்சியும் தணிக்கும் மருந்தை மருத்துவர் அளவறிந்து கொடுப்பார். எலும்பு முறிவை அறிய எக்ஸ்-ரேயும், தசைநாண் சிதைவை அறிய ஸ்கேனும் துணை செய்கின்றன.

வீக்கத்தருகே ஒரு சிறு துளைக்காயமாவது இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டதா என்பதே அப்போது எழும் முதல் வினா. மூட்டுநீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கையில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணுக்கள் 30,000-ஐத் தாண்டினால் தொற்று என்றே பெரும்பாலும் கொள்வர். மூட்டைக் கழுவி நுண்ணுயிர்க்கொல்லி செலுத்துவதில் ஒரு நாள் தாமதம்கூட அந்தக் குதிரையின் நடையைப் பறித்துவிடலாம். காலை ஊன்ற மறுப்பதும் காய்ச்சலும் இதே அவசரத்தைக் காட்டும் அறிகுறிகள். ஏற்பு நோய்க்கு மிக எளிதில் இரையாகும் விலங்கு குதிரை; ஆகையால் அதற்கான தடுப்பூசியையும் மறத்தலாகாது.

பெயரிட்டவர்களின் கூர்மை

இனி ஏடுகளுக்கு வருவோம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய அரண்மனை லாயங்களோடு தொடர்புடைய இப்னு அகீ ஹிஸாம் எழுதிய நூல், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் ஒருசேரப் பேசுகிறது. அஹ்மத் இப்னுல் ஹுஸைன் இப்னுல் அஹ்னஃபின் 'கிதாபுல் பைத்தரா'வை பக்தாதில் ஹிஜ்ரி 605-இல் (கி.பி. 1209) ஓவியங்களோடு படியெடுத்த பிரதி கெய்ரோவில் உள்ளது. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் குதிரை மருத்துவர் அபூபக்ர் இப்னு பத்ர், தம் அரசர் பெயரால் 'அந்நாஸிரி' என வழங்கப்படும் பெருநூலை எழுதினார். அதனை நிக்கோலா பெரோன் 1852-க்கும் 1860-க்கும் இடையே மூன்று தொகுதிகளாகப் பிரெஞ்சில் பெயர்த்தார்.

இவர்கள் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் அல்லர். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் குதிரை மருத்துவர் தியோம்னெஸ்டஸின் நூல் அரபியில் பெயர்க்கப்பட்டிருந்தது. 'பைத்தார்' என்ற சொல்லே குதிரை மருத்துவனைக் குறிக்கும் 'ஹிப்பியாட்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அதுவே பின்னர் ஸ்பெயினில் 'அல்பெய்தார்' ஆயிற்று. கடன் வாங்கினோம், கொடுத்தோம் என்பதே வரலாறு. கொடுத்ததை மட்டும் எழுதி வாங்கியதை மறைப்பது கணக்கில் நேர்மையன்று.

இந்த மரபின் உண்மையான வலிமை அதன் சொற்களில் தெரிகிறது. உர்கூபில் தோன்றும் பருத்தலுக்கும் நரம்புப் புடைப்புக்கும் அரபு அகராதிகள் 'ஜரத்' என்ற தனிச்சொல்லைப் பதிவு செய்துள்ளன. ஊதுதல் என்னும் பொருளுடைய 'நஃப்க்' என்ற வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'அலிஃபாஃபே' என்ற ஸ்பானியச் சொல், இன்றுவரை குதிரைக் கணுவின் மெத்தென்ற நீர்வீக்கத்தையே குறிக்கிறது. ஊதிய பையைப் போல அமுங்கி எழும் வீக்கத்திற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. எக்ஸ்-ரேயும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் கண்ணாலும் கையாலும் ஒரு வீக்கத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து பெயரிட்டார்கள் என்பதே இதன் பொருள். பிரித்தறிதலே மருத்துவத்தின் முதற்படி. இந்தப் பாராட்டு அவர்களுக்கு முழுமையாக உரியது.

சூட்டுக்கோலின் முன்

பெயரிட்டபின் என்ன செய்தார்கள்? இங்கேதான் பாராட்டு நின்று திறனாய்வு தொடங்க வேண்டும். அவர்களிடமிருந்த உடற்கூற்றுக் கொள்கை நான்கு திரவங்களைப் பற்றியது. வீக்கம் என்பது தேங்கிய தீய திரவம். அதனை வெளியேற்றுவதோ உலர்த்துவதோ மருந்து. எனவே பற்றுப் போடுதல், குருதி வடித்தல், சூடு போடுதல் ஆகிய மூன்றும் அக்கால பைத்தாரின் முதன்மைக் கருவிகளாயின. பற்றினால் பெரும்பாலும் கேடில்லை. குருதி வடித்தல் வீங்கிய மூட்டுக்கு உதவும் என்பதற்கு இன்று ஆதாரமில்லை. மூன்றாவதான சூடு, அரபியில் 'கய்யு', தனியே ஆராயத்தக்கது.

பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கணுவைச் சுட்டால் தோலடியில் புதிய தழும்புத் திசு உருவாகி மூட்டை இறுக்கிக் காக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. இது அரபு நூல்களுக்கு மட்டும் உரிய பிழையன்று. இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இச்சூடு போடப்பட்டது. தசைநாண் காயங்களைப் பொறுத்தவரை சூடு குணத்தை விரைவுபடுத்துவதில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 1983-இல் விரிவாக எடுத்துக்காட்டிய பின்னரே அங்கும் அது மதிப்பிழந்தது. ஆகவே அரபு பைத்தாரை நோக்கி ஐரோப்பா நகைக்க இடமில்லை. அதேபோல், அந்நூல்களில் உள்ளதெல்லாம் இன்றைய அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டது என்று நாம் முழங்கவும் இடமில்லை.

நாம் கேட்க வேண்டிய வினா வேறு: சூட்டைப் பற்றி நம் மரபே என்ன சொன்னது? தேன், குருதி உறிஞ்சல், சூடு ஆகிய மூன்றில் நிவாரணம் உண்டென்று கூறி, சூட்டைத் தம் சமுதாயத்துக்குத் தாம் விரும்பவில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. கழுதையின் முகத்தில் சூட்டுக்குறியைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்தவனைக் கடுமையாகக் கண்டித்ததை முஸ்லிம் பதிவு செய்கிறார். அதே வேளையில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் காயத்துக்குச் சூடு போடப்பட்டதும், ஸதகா ஒட்டகங்களுக்கு அடையாளக்குறி இடப்பட்டதும் அறிவிப்புகளில் உள்ளன. இவற்றை இணைத்துப் பார்த்த அறிஞர்கள், வேறு வழியிருக்கையில் சூடு வெறுக்கத்தக்கது, தேவை நேர்ந்தால் அனுமதிக்கத்தக்கது என்ற முடிவுக்கு வந்தனர். மருந்துகளில் கடைசியானது சூடு என்ற அரபுப் பழமொழியும் இதையே சொல்கிறது. கடைசியில் வைக்கப்பட வேண்டியதை முதலில் எடுத்த கை, மரபுக்குப் புறம்பான கையே.

ஆறாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் சிரியாவில் சந்தைக் கண்காணிப்பு நூல் எழுதிய அஷ்ஷைஸரி, பைத்தார்களைப் பற்றிய இயலில் இதைத் தெளிவாகவே சொல்லிச் செல்கிறார். விலங்குக்குத் தன் நோயை எடுத்துரைக்கும் வாயில்லை; ஆகவே அதன் மருத்துவம் மனித மருத்துவத்தைவிடக் கடினமானது. பார்த்தும் தொட்டுமே நோயறிய வேண்டும். அறிவின்றி விலங்கின்மேல் கத்தியையும் சூட்டுக்கோலையும் வைக்காதபடி தடுக்கும் மார்க்கப் பற்று இல்லாதவன் இத்தொழிலுக்கு வரலாகாது. அவனால் அந்த உயிர் மாளும் அல்லது முடமாகும். இதுவே அவர் கூற்றின் சாரம். பைத்தரா நூல்களைப் பட்டியலிடும் நம் கட்டுரைகள் இந்த இயலை எடுத்துக்காட்டியிருந்தால், பெருமைப்படவும் வெட்கப்படவும் ஒரே பக்கத்தில் நமக்கு இடம் கிடைத்திருக்கும்.

கால்களையும் கழுத்துகளையும் தடவிய கை

குர்ஆன் விரிவுரையிலும் இதே கணு வருகிறது என்பது பலரும் கவனியாத செய்தி. ஸாத் அத்தியாயத்தின் 31 முதல் 33 வரையிலான வசனங்களில், மாலை வேளையில் தம்முன் கொண்டுவரப்பட்ட உயர்ந்த குதிரைகளை மீண்டும் அழைத்து, அவற்றின் கால்களிலும் கழுத்துகளிலும் சுலைமான் (அலை) அவர்கள் 'மஸ்ஹு' செய்ததாகக் கூறப்படுகிறது. அவர்கள் வாளால் அவற்றை வெட்டினார்கள் என்று பலர் விளக்கினர். அன்போடு தடவிக்கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) வழிவந்த விளக்கம். இமாம் தபரி இரண்டாவதையே தேர்ந்தார். இறைத்தூதர் ஒருவர் குதிரையின் கணுநரம்பை வெட்டி வதைப்பவராக இருந்திருக்க மாட்டார் என்பது அவர் காட்டிய காரணம். அங்கே அவர் ஆளும் வினைச்சொல் 'உர்கூப்' என்ற இதே சொல்லிலிருந்து பிறந்தது. இப்னு கஸீர் இந்தத் தேர்வை மறுத்து, அவர்களுடைய ஷரீஅத்தில் அது அனுமதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்.

இமாம் ஃபக்ருத்தீன் ராஸி இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தடவியதற்கு அவர் கூறும் காரணங்களுள் ஒன்று நம் பொருளுக்கு நேராகவே பொருந்துகிறது: குதிரைகளின் நிலைகளையும் நோய்களையும் குறைகளையும் நன்கறிந்த அவர், நோயின் அறிகுறி ஏதும் உண்டா என்று சோதிக்கவே கால்களையும் கழுத்தையும் தடவிப் பார்த்தார். இதனை ஒரு விளக்கமாக ஏற்பதும் ஏற்காததும் தஃப்ஸீர் அறிந்தோரின் பொறுப்பு. நமக்கு முக்கியமானது, ஒரு பேரறிஞர் இறைவசனத்தை விளக்குகையில் மருத்துவனின் விரல்கள் அவர் மனக்கண்ணில் தோன்றியிருக்கின்றன என்பதே. இன்றும் வீங்கிய கணுவின்முன் மருத்துவர் செய்யும் முதற்செயல் அதுதான். மற்றக் காலோடு ஒப்பிட்டுத் தடவிப் பார்க்கிறார்: எங்கே சூடு, எங்கே மென்மை, எங்கே வலியால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறது என்று. வெட்டும் கை, தடவும் கை என்ற இரு விளக்கங்களுள் எதை நம் மனம் இயல்பாக நாடுகிறது என்பதும் ஒரு சோதனையே.

ஃபிக்ஹு நூல்களும் வாளாவிருக்கவில்லை. மருத்துவ அறிவுடையவன் என்று அறியப்படாத ஒருவன் மருத்துவம் செய்தால் விளைந்த கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்ற நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்கிறார். ஹனஃபி நூலாகிய 'ஹிதாயா', விலங்குக்குக் குருதி வடிப்பவன் வழக்கமான இடத்தைத் தாண்டாமல் செய்திருந்தால் இழப்புக்கு ஈடு கட்ட வேண்டியதில்லை என்கிறது. இதிலிருந்து எதிர்ப்பக்கம் தெளிவாகிறது: தாண்டினால் ளமான் உண்டு. சிகிச்சையின் எல்லையைச் சட்டத்தால் வரைந்த நாகரிகம் அது. அந்த எல்லைக்கோட்டைத் துறையின் நடைமுறை அறிவு தீர்மானிக்கிறது; அறிவு வளர்ந்தால் கோடும் நகரும். ஆகவே, எலும்பு முறிந்திருக்கலாம் என்று ஐயம் எழும்போது எக்ஸ்-ரே எடுக்காமல் எண்ணெய் தேய்த்து நடத்திச் செல்வது, இன்று அந்தக் கோட்டைத் தாண்டுவதே என்று நாம் கருதுகிறோம்.

காயல் கரையில் இறங்கிய குதிரைகள்

இந்த வினா நமக்குத் தொலைவானதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையாகிய மஅபருக்கு ஹொர்மூஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கின. காயல் அவற்றின் பெருந்துறை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாலிக் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டதையும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை வைக்கப்பட்டதையும் எழுதுகிறார். இந்த எண்களைக் கடற்கரை முஸ்லிம்களின் வரலாறு எழுதும் எவரும் தவறாது குறிப்பிடுகின்றனர். ஆனால் அதே இடத்தில் வஸ்ஸாஃப் சொல்லும் மற்றொரு நிபந்தனையைப் பலர் கடந்து செல்கின்றனர்: பயணத்தில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலை அரசுக் கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும்.

கப்பலின் ஆட்டத்தில் மரத்தடுப்பில் மோதி வீங்கிய ஒரு கணுவை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் காயத்தின் இழப்பு வணிகனைச் சேரவில்லை. எனவே அதனைக் குணப்படுத்தும் அக்கறையை ஒப்பந்தம் அவனிடம் கோரவில்லை. இந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை, வணிகர்கள் அவர்களை வரவிடுவதுமில்லை, குதிரைகள் மடிந்தால்தான் அவர்களுக்கு விற்பனை என்று மார்க்கோ போலோ எழுதினார். இதனை அப்படியே ஏற்க இயலாது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ மரபு இந்திய மண்ணில் நெடுங்காலமாக இருந்தது; ஷாஜஹான் காலத்தில் அது பாரசீகத்திலும் பெயர்க்கப்பட்டது. வெளியூர்ப் பயணி தாம் காணாததை இல்லையென்று எழுதியிருக்கலாம். ஆயினும் வஸ்ஸாஃபின் நிபந்தனையையும் போலோவின் குற்றச்சாட்டையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்களாகத் தோன்றுவதை மறுக்க இயலாது. பாக்தாதிலும் கெய்ரோவிலும் பைத்தரா நூல்கள் ஓவியங்களோடு படியெடுக்கப்பட்ட அதே நூற்றாண்டுகளில், அந்த அறிவு குதிரையோடு கப்பலேறியதா என்பதே நம் வரலாற்றாசிரியர்கள் எழுப்ப வேண்டிய வினா. குதிரைகளின் நெற்றிமுடியோடு நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள நபிமொழியை மேடைகளில் முழங்கும் நாம், அந்நன்மையின் பொறுப்பு அதன் கணுவரை இறங்குகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இதுவரை கண்டதிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. பைத்தரா இலக்கியம் நோயைக் கவனித்து வேறுபடுத்திப் பெயரிடுவதில் உயர்ந்தது. அதன் சிகிச்சைக் கொள்கை அக்காலத்தின் எல்லைக்குள் அடங்கியது. அந்த எல்லையை மீறாதபடி கையைத் தடுக்கும் அறநெறி மருத்துவ ஏடுகளைவிட ஹிஸ்பா, ஃபிக்ஹு, தஃப்ஸீர் நூல்களில் செறிவாக உள்ளது. ஆகவே மருத்துவ நூலை மட்டும் தனியே எடுத்துப் புகழ்வதும் இகழ்வதும் பாதி வாசிப்பே. நம் அறிவு மரபு ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டது. ஒரு நூலின் குறையைப் பக்கத்து நூல் திருத்துகிறது.

சென்னையில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரபி கற்பிக்கும் கல்லூரிகளும் மதரஸாக்களும் தமிழகமெங்கும் இருக்கின்றன. இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து 'அந்நாஸிரி'யின் ஓர் இயலையேனும் வரிவரியாக வாசித்து, இது சரி, இது தவறு, இது இன்னும் ஆராயத்தக்கது என்று குறிப்பெழுதித் தமிழில் வெளியிடுவார்களானால், அது பொற்காலம் பற்றிய நூறு கட்டுரைகளுக்குச் சமம். தவறு என்று குறிக்கப்படும் வரிகளால் அந்நூலாசிரியரின் மதிப்பு குறையாது. தமக்கு முன்னிருந்த கிரேக்கரைத் திருத்தியும் கூட்டியும் எழுதியவர்களின் வழித்தோன்றல்கள், அவர்களைத் திருத்தி வாசிப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கடற்கரைகளில் குழந்தைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகளும் திருமண ஊர்வலங்களில் மேளச் சத்தத்தினூடே நிற்கும் குதிரைகளும் இன்றும் நம்மிடையே உள்ளன. அவற்றின் கணுவும் வீங்குகிறது. அவற்றுக்கும் வாயில்லை. வீக்கம் கண்ட அன்றே வேலையிலிருந்து விடுவித்து, குளிர்நீர் பாய்ச்சி, மருத்துவரை அழைப்பது பெருஞ்செலவான காரியமன்று. அடுத்த நாள் வருமானத்துக்காக வலியடக்கும் ஊசி போட்டு மீண்டும் சேணம் பூட்டுவதே கொடுமை. விலங்கை ஓர் அமானிதமாக ஒப்படைத்தவன் அதைப் பற்றிக் கணக்குக் கேட்பான் என்று நம்புகிறவர்களுக்கு, எந்த நூலில் முதலில் யார் எழுதினார் என்ற பெருமையைவிட இந்த ஒரு காலின் நலம் அதிக எடையுள்ளது.